கண் விழித்ததும் எப்படி இருக்கும்?

கேள்வி: எனக்கு வயது 41. திருச்சி பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. சில வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் ராத்திரியில் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எத்தனை கிலோ குறையும், எதைச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் சர்ஜனும் டயட்டீஷியனும் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பயம் அதில் இல்லை, மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் நேரத்தை நினைத்துத்தான். தொண்டையில் மூச்சுக்கான ட்யூப் இருக்கும்போதே முழிப்பு வந்துவிடுமா? ஆபரேஷன் பாதியில் விழித்துக்கொண்டால்? வலி எப்படி இருக்கும்? மகள் பிறந்தபோது முதுகில் ஊசி போட்டுத்தான் சிசேரியன் செய்தார்கள். முழு மயக்கம் எனக்கு இதுவே முதல் தடவை. கணவரைப் பக்கத்தில் விடுவார்களா? இந்த ஆபரேஷனில் ஒருவர் இறந்துபோனதாக எப்போதோ செய்தியில் பார்த்தது வேறு மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் செய்வது சர்ஜன் என்றாலும், தூங்கவைப்பதும் எழுப்புவதும் எங்கள் வேலை. மயக்க டாக்டரிடம் யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை. தியேட்டருக்குள் மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகிற ஆளாக ஒரு நிமிடம் பார்ப்பார்கள், அதோடு சரி. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்துக்கான பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அப்போது இந்தக் கடிதத்தையே அவரிடம் படித்துக்காட்டலாம்.

முதலில் பாதியில் விழித்துக்கொள்ளும் பயம். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதைப் பெரிய அளவில் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 19 ஆயிரம் மயக்கங்களுக்கு ஒருவர் அப்படி நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார். உடல் பருமன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றும் அதில் தெரியவந்தது. காரணம், தூங்கவைக்கும் முதல் ஊசியின் வேலை சீக்கிரம் முடிந்து, அடுத்த மருந்து போதிய அளவில் ஏறுவதற்குள் இடைவெளி விழுந்துவிடலாம். அது தெரிந்திருப்பதால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அந்த முதல் சில நிமிடங்களில் கூடுதல் கவனமாக இருக்கிறோம். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டி, மூளை எவ்வளவு ஆழத்தில் தூங்குகிறது என்று பார்க்கும் கருவியும் பல இடங்களில் உண்டு. உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது ட்யூப். இதில் உங்களுக்கு ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். உங்கள் எடைக்கும், தூக்கத்தில் மூச்சு நிற்கிற பிரச்சினைக்கும், நீங்கள் நன்றாக விழித்த பிறகுதான் ட்யூபை எடுப்போம். அரைத்தூக்கத்தில் எடுத்தால் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்ளும். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் தசையைத் தளர்த்திய மருந்தை முறிக்கும் மருந்து கொடுத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். “கண்ணைத் திறங்க, கையை அழுத்துங்க, நல்லா மூச்சை இழுங்க” என்போம். இதையெல்லாம் நீங்கள் சரியாகச் செய்தால்தான் ட்யூப் வெளியே வரும். ஆக, ட்யூப் இருக்கும்போதே விழிப்பீர்களா என்றால், ஆமாம், சில நிமிடங்கள் விழித்திருப்பீர்கள்.

ஆனால் அது உங்கள் நினைவில் இருக்க வாய்ப்பு குறைவு. மயக்க மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போது நாம் பேசலாம், தலையாட்டலாம், சொன்னபடி கேட்கலாம். ஆனால் நினைவு பதியாது. மறுநாள் வார்டில் போய், “நேத்து ட்யூப் எடுக்கும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்களே” என்றால், பெரும்பாலானோர் நம்மை யாரோ போலத்தான் பார்ப்பார்கள். ஒருசிலருக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி, பேச வராத மாதிரி ஒரு மங்கலான நினைவு தங்கும். உங்களுக்கும் அப்படி ஒரு கணம் தெரிந்தால் பதறவேண்டாம். அந்த நேரத்தில் மெஷினும் உங்கள் மூச்சும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும், காற்று தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். ட்யூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால்தான் பேச்சு வராது. சொன்னதை மட்டும் செய்யுங்கள், எடுத்துவிடுவார்கள்.

சிசேரியன் அனுபவத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். அன்றைக்கு நீங்கள் முழுக்க விழித்திருந்தீர்கள், நேரம் ஓடியது தெரிந்திருக்கும். முழு மயக்கத்தில் நேரமே இருக்காது. கையில் ஊசி ஏறும்போது கொஞ்சம் எரியும், மூக்கின் மேல் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும், அடுத்து யாரோ உங்களைக் கூப்பிடுவார்கள். நடுவில் இரண்டு மணிநேரம் போயிருக்கும். “எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?” என்று ஆபரேஷன் முடிந்து ரெக்கவரி ரூமில் கேட்பவர்கள் நிறையப் பேர்.

அந்த ரெக்கவரி ரூம்தான் அநேகமாக உங்கள் முதல் நினைவாக இருக்கும். குரல்கள் முதலில் கேட்கும், முகங்கள் மங்கலாகத் தெரியும். கண் உலராமல் இருக்கக் களிம்பு தடவி டேப் ஒட்டியிருப்போம், அதனால்தான் அந்த மங்கல். உடம்பு குளிரில் உதறலாம். தியேட்டர் ஏசியும் மயக்க மருந்தும் சேர்ந்து உடல் சூட்டைக் குறைத்திருக்கும். ஜுரம் வந்துவிட்டதோ என்று நினைக்காமல் சொல்லுங்கள், வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வை போடுவார்கள். வாய் காய்ந்து கிடக்கும், தொண்டை கரகரக்கும். மூச்சுக்குழாய் ட்யூபோடு, இரைப்பையை அளவாகத் தைக்க வாய்வழியாக இன்னொரு தடித்த குழாயும் ஆபரேஷனின்போது உள்ளே போய்வந்திருக்கும். கரகரப்பு ஓரிரு நாளில் போய்விடும்.

உடம்பைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். முகத்தில் ஆக்சிஜன் அல்லது உங்கள் சிபாப், விரலில் க்ளிப், மேல்கையில் தானாக இறுகித் தளரும் பிரஷர் பட்டை, கையில் டிரிப்ஸ். காலில் இரண்டு உறைகள் மாறிமாறிக் கெண்டைக்காலை அமுக்கும். யாரோ காலைப் பிடித்துவிடுகிறார்கள் என்றே தோன்றும். அது காலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. சில சர்ஜன்கள் வயிற்றில் ஒரு வடிகுழாய் வைப்பார்கள், சிலர் வைப்பதில்லை. சிறுநீர் ட்யூபும் அப்படித்தான். மெஷின்கள் அடிக்கடி ‘பீப்’ அடிக்கும். நீங்கள் விரலை அசைத்தாலே அடிக்கும். சிஸ்டர் ஓடி வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

இனி வலி. வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள். அவற்றில் பெரியது எந்தப் பக்கமோ, அதாவது வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை, அங்கே கூடுதலாக வலிக்கும். பலரை ஆச்சரியப்படுத்துவது தோள்பட்டை வலி. “வயித்துல ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது, கையைத் திருகிட்டாங்களா?” என்று கேட்பார்கள். உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றை கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்பவைத்துத்தான் லேப்ராஸ்கோபி, அதாவது துளை வழி ஆபரேஷன், செய்கிறோம். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது, தோளுக்கும் அதே இடத்திலிருந்துதான் நரம்பு போகிறது. எனவே மூளை இடத்தைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது. ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில் அடங்கும்.

வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்பதில் உங்கள் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மார்ஃபின் வகை மருந்துகள் நன்றாக வலியைப் போக்கும், கூடவே மூச்சையும் மந்தப்படுத்தும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்களுக்கு அது ஆபத்து. அதனால் டிரிப்ஸில் பாரசிட்டமால், துளைகளைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி, தேவைக்கு மற்ற வலி மருந்துகள் என்று பலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுப்போம். “நல்லா தூங்குற மாதிரி ஒரு ஊசி போடுங்க” என்று கேட்டால் கிடைக்காது. வலி முழுக்கப் போகாது, தாங்கும்படி இருக்கும். ‘பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி’ என்று கேட்பார்கள். நம் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு “பரவாயில்ல சிஸ்டர்” என்பார்கள். அது வேண்டாம். வலியை அடக்கிக்கொண்டால் ஆழமாக மூச்சிழுக்க மாட்டீர்கள், இரும மாட்டீர்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி சேரும். எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வலியைவிடப் பலரைப் படுத்துவது குமட்டல். பெண்கள், சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள், பஸ்ஸில் போனால் வாந்தி வருகிறவர்கள், இவர்களுக்கு மயக்கத்துக்குப் பிறகு குமட்டல் அதிகம். ஸ்லீவ் ஆபரேஷன் அதற்குமேல் தன் பங்கைச் சேர்க்கும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக ஆக்கியிருப்பார்கள். அது வீங்கி, இறுகி இருக்கும். எச்சிலை விழுங்கினால்கூட நெஞ்சில் நின்று இறங்குகிற மாதிரி தெரியும். உங்களுக்குப் பஸ் வாந்தி உண்டு என்றால் மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப மயக்க மருந்தையே மாற்றலாம், இரண்டு மூன்று வகைக் குமட்டல் மருந்துகளைச் சேர்த்தும் கொடுக்கலாம். முதல் நாள் வாந்தியில் பழுப்பாகவோ இழையாகவோ கொஞ்சம் ரத்தம் வரலாம். சிவப்பாக, அதிகமாக வந்தால் உடனே சொல்லவேண்டும்.

உங்கள் கணவர் படிக்கவேண்டிய பகுதி இது. ரெக்கவரி ரூமுக்குள் ஒரு நிமிடம் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு அறைக்கோ ஐசியூவுக்கோ போவது மருத்துவமனையைப் பொறுத்தது. மூச்சுப் பிரச்சினை இருப்பதால் முதல் ராத்திரி கூடுதல் கண்காணிப்பில் வைப்பார்கள். அதைக் கேட்டு, ஏதோ கோளாறு ஆகிவிட்டது என்று அவர் ஊருக்கெல்லாம் போன் போடவேண்டாம். அறைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உண்மையான வேலை. நீங்கள் கண்ணயர்ந்து குறட்டை விடும்போது, “பாவம், நல்லா தூங்குறா, யாரும் எழுப்பாதீங்க” என்று சொல்வது பாசமான பேச்சுதான், ஆனால் ஆபத்தானது. ஆபரேஷனான அன்றைக்குக் குறட்டை என்றால் காற்று தடைபட்டுப் போகிறது என்று பொருள். குறட்டை சட்டென்று நின்று நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால் இன்னும் மோசம். அப்போது தட்டி எழுப்பி, தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிஸ்டரைக் கூப்பிடவேண்டும். உங்கள் வீட்டு சிபாப் மெஷினையும் மாஸ்க்கையும் கட்டாயம் எடுத்துவரச் சொல்லுங்கள். முகத்துக்குப் பழகிய மாஸ்க் வேறு, அங்கே கொடுக்கிற மாஸ்க் வேறு. பகலில் கண்ணயர்ந்தாலும் அதைப் போடவேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் அவர்தான் காவல். தாகம் கொல்லும், கெஞ்சுவீர்கள். சில சர்ஜன்கள் சில மணிநேரத்திலேயே சொட்டுச் சொட்டாகக் குடிக்கச் சொல்வார்கள். சிலர் மறுநாள் ஒரு திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் தையல் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். இதில் உங்கள் சர்ஜன் சொல்வதே சட்டம். அதுவரை வாயை நனைத்துத் துப்பலாம். அனுமதி கிடைத்த பிறகும் மருந்து ஊற்றும் 30 மில்லி குப்பியில் ஒரு குப்பித் தண்ணீரைக் கால் மணிநேரம் வைத்துக் குடிக்கவேண்டும். பார்க்க வருகிற சித்தி இளநீரோடு வந்து, “ஒரு வாய் குடிச்சா தெம்பா இருக்கும்” என்பார். சித்தியை வாசலிலேயே உட்காரவைத்து உபசரிக்கட்டும்.

சாயங்காலத்துக்குள் உங்களை எழுப்பி நடக்கவைப்பார்கள். நாலு முதல் ஆறு மணிநேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வரும். ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் மிகவும் பயப்படுவதில் ஒன்று காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அதற்குத்தான் கால் உறை, வயிற்றுத் தோலில் போடும் ஊசி, இந்த நடை எல்லாம். முதலில் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். தலை சுற்றவில்லை என்றால் பாத்ரூம் வரை. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் இருக்கும் ஸ்பைரோமீட்டர் என்ற கருவியையும் கொடுப்பார்கள். அதை இப்போதே வாங்கி வீட்டில் பழகிக்கொள்வது நல்லது. வலியோடு கற்றுக்கொள்வது கஷ்டம்.

அப்புறம் அழுகை. மயக்கம் தெளியும்போது காரணமே இல்லாமல் அழுபவர்கள் உண்டு, உளறுபவர்களும் உண்டு. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ரகசியம் எதையும் கொட்டிவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம், பெரும்பாலும் “தண்ணி குடுங்க”தான். இரண்டாவது மூன்றாவது நாளில் வருகிற அழுகை வேறு. தாகம், குமட்டல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து, “நல்லா இருந்த வயித்தை வெட்டிக்கிட்டோமே” என்று தோன்றும். ஸ்லீவில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் அந்த எண்ணம் இன்னும் அழுத்தும். இது நிறையப் பேருக்கு வந்து, சில வாரத்தில் விலகிப்போகிறது. விலகவில்லை என்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: அந்த நாட்களில் எடை பார்க்காதீர்கள். டிரிப்ஸில் ஏறிய நீரால் முள் மேலேதான் போயிருக்கும்.

செய்தியில் பார்த்த மரணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை பத்து மையங்களில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலும் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன்கள் (இதய பைபாஸ் அல்ல). 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்தில் மூன்று பேர். இன்று நல்ல மையங்களில் அது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. பூஜ்யம் இல்லை. உங்கள் எடையையும் சர்க்கரையையும் மூச்சுப் பிரச்சினையையும் அப்படியே விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு, அது செய்தியில் வராது. நீங்கள் செய்யக்கூடியது இடத்தை விசாரிப்பது. இந்த ஆபரேஷன் அங்கே வாடிக்கையாக நடக்கிறதா, ஐசியூ உண்டா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, வேண்டுமானால் மறுபடி ஆபரேஷன் செய்ய வசதி உண்டா? இதற்கெல்லாம் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சர்க்கரை மாத்திரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாபாக்ளிஃப்ளோசின் போல ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாளாவது முன்பே நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகளைப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை வேகமாக இறங்குவதால் பழைய அளவில் மாத்திரையோ இன்சுலினோ நீங்களாகத் தொடரவேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நூறில் ஒருவர் அளவுக்குத் தையல் கோட்டில் ஒழுகல் வருவதுண்டு, அது வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். பெரிய வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது டாக்டருக்கே கஷ்டம். நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டித் துடித்தால், ஜுரமோ மூச்சு வாங்கலோ இருந்தால், குறைந்துவந்த வயிற்று வலியோ இடது தோள் வலியோ மறுபடி ஏறினால், கால் ஒன்று மட்டும் வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் போன் செய்யுங்கள். ராத்திரியிலும் எடுக்கிற நம்பரை டிஸ்சார்ஜ் சமயத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருப்பது ஊருக்கு வெளியே என்பதால் இதையும் எழுதுகிறேன். வாந்தி நிற்கவில்லை என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ‘குளுக்கோஸ் ஏத்துவோம்’ என்பார்கள். நாள்கணக்கில் சாப்பிடாமல் வாந்தி எடுத்த உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கலாம். தயமின் ஊசி முதலில் போகவேண்டும். அதேபோல, புதிதாகத் தைத்த இரைப்பைக்குள் மூக்கு வழியாக ட்யூபைக் குத்துமதிப்பாக விடக்கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் தலையில் இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொல்லி சர்ஜனிடம் கேளுங்கள். அதன் ஒரு படம் உங்கள் போனிலும் கணவர் போனிலும் இருக்கட்டும்.